சாமி தோட்டத்துக் கீரை

போன வெள்ளிக்கிழமை மத்தியானம் என் லாட்ஜ் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. மொட்டை போட வந்த கூட்டம் என்று நினைத்து ரூம் சாவிகளை எடுத்து வைக்கச் சொன்னேன். இறங்கியவர்கள் காலேஜ் பிள்ளைகள். சென்னையில் விவசாயம் படிக்கிறார்களாம். ஒரு பெண்ணின் கையில் நான் இந்தப் பத்திரிகையில் எழுதுகிற பத்தி வந்த பக்கம் — நான்காக மடித்து.

வைகாசியில் எழுதினேனே... ‘பாறையில் பச்சை பிடிக்க வைத்தவன் நான்’ என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு! ஞாபகம் இருக்கிறதா? அதைப் படித்துவிட்டுத் தோட்டம் பார்க்க வந்திருக்கிறார்கள். ‘அர்பன் ஃபார்ம்’ என்றாள் அந்தப் பெண். எங்களுக்குக் கீரைப் பாத்தி.

அழைத்துப் போனேன். இரண்டு அடுக்குமாடிகளுக்கு நடுவே ஆள் உயரத்துக்குப் புளிச்சக்கீரை, அதில் மஞ்சள் பூ. முளைக்கீரை கதிர் விட்டு இடுப்பளவு நின்றது. கத்தரிச் செடியில் கொத்துக் கொத்தாகக் காய். பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். நடுவில் நட்டிருந்த இரும்பு வேல் ஒன்றைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ப் படம் எடுத்தார்கள். என்னையும் நிற்க வைத்து எடுத்தார்கள். நின்றேன்.

அப்புறம் அந்தப் பெண் நோட்டைத் திறந்தாள்.

“ஐயா, இதுலேர்ந்து எத்தனை குடும்பம் சாப்பிடுது?”

சின்னக் கேள்விதானே?

“எல்லாக் குடும்பமும்” என்றேன். எழுதிக்கொண்டாள்.

பொய்.

ஒரு குடும்பம்கூட இல்லை. அன்றைக்கு வரை மூன்று மாதமாக அந்தத் தோட்டத்திலிருந்து ஒரு இலை எந்த அடுப்புக்கும் போகவில்லை. காரணம் நான். உங்களிடம் பெருமை அடித்துக்கொண்டவன், இதையும் உங்களிடம்தானே சொல்ல வேண்டும்? அந்தப் பெண்ணின் போன் நம்பர் என்னிடம் இல்லை. இதைப் படித்தால், நோட்டில் எழுதியதை அடித்துவிடம்மா.

என்னைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? மூன்றாம் வகுப்போடு நின்றவன். மாட்டு வண்டியில் பீப்பாய் கட்டி, மலையடிவாரச் சத்திரங்களுக்குத் தண்ணீர் ஊற்றியவன். இன்றைக்கு நான்கு டேங்கர் லாரி. மலைக்குப் போகிற வழியில் முப்பது ரூம் லாட்ஜ். இந்தத் திருத்தணியில் என் தண்ணீரில் குளிக்காமல் மொட்டைத் தலை ஒன்று ஊருக்குத் திரும்பியிருக்குமா? சந்தேகம்தான். படித்தவன் பத்துப் பேர் யோசித்துச் செய்வதை நான் ஒருவன் யோசிக்காமலே செய்து முடிப்பேன். அப்படித்தான் இத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

என் லாட்ஜில் ரூம் பெருக்குகிறவள் கிஷ்டம்மா. ஐம்பது வயது இருக்கும். பள்ளிப்பட்டுப் பக்கத்துக்காரி. கல்யாணமாகி இங்கே வருகிற வரை நாற்று நட்டவள், கடலை பிடுங்கியவள். ஏரிக்கரையில் குடிசை போட்டிருந்த ஜனங்களை எடுத்து ஊருக்கு வெளியே ஒரு பாறை மேட்டில், கனகம்மாசத்திரம் போகிற ரோட்டை ஒட்டி, அடுக்குமாடி கட்டிக் குடிவைத்தார்களே... அவர்களில் அவளும் ஒருத்தி. மூன்றாவது மாடி. அந்த இடத்துக்குப் பாறைமேடு என்று பெயர் வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயரைப் போட்டால் சண்டைக்கு வருவார்கள்.

வீடு கெட்டி. மழை ஒழுகாது. பாம்பு வராது. எல்லாம் சரி. ஆனால் சாப்பாடு?

பாறைமேட்டில் மூன்று பெட்டிக்கடை. மூன்றிலும் பார்த்துவிட்டேன். உருளைக்கிழங்கு, வெங்காயம், முட்டை, ஊறுகாய்ப் பாக்கெட், மிக்சர், கலர் கலராகக் குழந்தைத் தீனி. பச்சையாக ஒரு கொத்தமல்லிக் காம்பு கிடையாது. கீழே ரோட்டில் விடியற்காலை வரிசையாகக் காய்கறி லாரி போகும். நம் பக்கத்து நிலத்தில் விளைந்ததுதான். நேராகச் சென்னைக்கு. மேட்டு ஜனம் பால்கனியில் நின்று பார்க்கலாம். பார்ப்பதற்குக் காசு இல்லை.

டவுனில் வாங்கக் கூடாதா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். கிஷ்டம்மா விடியலில் வேலைக்கு வருகிறாள். அப்போது வாங்கினால் சாயங்காலத்துக்குள் கீரை துவண்டு போகும். வேலை முடிந்து போகும்போது கடையில் மிச்சம் இருப்பது காம்பும் அழுகலும். என் லாட்ஜில் ஃப்ரிட்ஜ் இருக்கிறது... கூல்ட்ரிங்க்ஸ் வைக்க. அதில் ஒரு கட்டுக் கீரை வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்க அவளுக்குத் தோன்றவில்லை. வைத்துக்கொள் என்று சொல்ல எனக்கும் தோன்றவில்லை.

மாசி மாதம் ஒருநாள் துடைப்பத்தோடு வந்து எதிரில் நின்றாள்.

“நைனா, வாரத்துக்கு ஒரு டேங்கரு தண்ணி வோணும்.”

“எதுக்கு? வாரா வாரம் கல்யாணமா?”

“கீரைக்கு.”

“கீரைக்கா! அந்தப் பாறையிலயா? மண்டை கிண்டை கொயம்பிப் போச்சா உனுக்கு?”

“எம் மண்டை நல்லாத்தான் கீது. பவானிக்கு ரத்தம் பத்தலியாம். நர்சம்மா திட்டிகினே கீறாங்க. மாத்திரை போட்டா வாந்தி எடுக்கறா. கீரை துன்னு, முருங்கை துன்னுன்றாங்க. நா எங்க போவேன் கீரைக்கு?”

பவானி அவளுடைய ஒரே மகள். அப்போது இரண்டு மாதக் கர்ப்பம். புருஷன் சென்னையில் கொத்தனார், சனிக்கிழமை சனிக்கிழமை வருவான். ரத்த அளவு எட்டுக்கும் கீழே. இப்படியே போனால் பிரசவத்துக்கு இங்கே வைத்துக்கொள்ள மாட்டோம், தூரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்புவோம், அங்கேயும் ஆபத்துதான் என்று நர்ஸ் சொல்லியிருக்கிறார்.

டேங்கர் கொடுத்தேன். இரண்டாகவே கொடுத்தேன். கேட்டதற்கு மேல் கொடுப்பது என் வழக்கம்.

அந்தப் பொம்பளை செய்ததைப் பார்த்திருக்க வேண்டும்! இரண்டு பிளாக்குக்கும் நடுவில் கட்டட வேலையில் கொட்டிய கல்லும் சிமெண்ட் கட்டியும் கிடந்தன. ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை பொறுக்கி எடுத்தாள். முதலில் தனியாக. அப்புறம் கூட நாலு பேர். அப்புறம் பத்துப் பதினைந்து பொம்பளைகள். ஏரி வண்டல் ஒரு லோடு நான் அடித்தேன். ஆட்டுப் புழுக்கை அவர்கள் தலையில் சுமந்து வந்தார்கள். பங்குனி முடிவதற்குள் முளைக்கீரை விரல் உயரம் எழுந்துவிட்டது. சித்திரையில் அறுத்தார்கள். புளிச்சக்கீரை, வெண்டை, கத்தரி, ஓரத்தில் வெட்டி நட்ட முருங்கைப் போத்து. சாயங்காலம் அந்த மாடிப்படியில் ஏறினால் ஒவ்வொரு மாடியிலும் பூண்டு வதங்குகிற வாசனை. நான் மூக்கால் சாட்சி சொல்வேன்.

பவானியின் ரத்தம் ஒன்பதைத் தொட்டது. கிஷ்டம்மா லாட்ஜ் முழுக்க, ரூம் எடுத்திருந்த யாத்திரைக்காரர்களிடம்கூட, “எம் பொண்ணுக்கு ஒம்போது!” என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். ஏதோ பரீட்சை மார்க் மாதிரி.

அப்படியே விட்டிருக்கலாம்...

கண் உறுத்துமே? பக்கத்து பிளாக்கில் பாத்தி போடாதவர்கள் விடியலில் வந்து பிடுங்கிப் போனார்கள். ஆடு மேய்ந்தது. ‘நான் ஊத்துன தண்ணி, அவ அறுத்த கீரை’ என்று குழாயடியில் தினம் சண்டை. கிஷ்டம்மா மறுபடி வந்தாள்.

“நாலு கட்டு வேலிமுள்ளு வெட்டியாந்து போடு நைனா. போதும்.”

“முள்ளு போட்டா ஆடு நிக்கும். ஆளு நிப்பானா?” என்றேன். “நான் வெக்கிறதப் பாரு. ஒருத்தன் கை வெக்க மாட்டான்.”

வெல்டிங் பட்டறையில் சொல்லி ஐந்தடிக்கு ஒரு வேல் அடித்தேன். வைகாசியில் நல்ல நாள் பார்த்து, பூசாரியை வரவழைத்து, தோட்டத்து நடுவில் நட்டு, சுற்றிலும் செங்கல் அடுக்கி, மஞ்சள் துணி கட்டி, தேங்காய் உடைத்தேன். மேளம் உண்டு. ‘முருகன் திருத்தோட்டம்’ என்று ஃப்ளெக்ஸ். கீழே உபயம் என்று என் பெயர் — கொஞ்சம் பெரிய எழுத்தில். சுண்டல் கொடுத்தேன். கூட்டத்தைப் பார்த்து உரக்கச் சொன்னேன்: “இனிமே இது சாமி சொத்து. கை வெக்கிறவன் கை வெளங்காது!”

அந்த வாரமே உங்களுக்கும் எழுதினேன். எத்தனை பேர் பாராட்டினீர்கள்!

நான் சொன்னது அப்படியே பலித்தது. ஒருத்தன் கை வைக்கவில்லை.

ஒருத்திகூட.

எனக்கு இது தெரிய ஒரு மாதம் ஆனது. டேங்கர் ஓட்டுகிற முனுசாமி, “மொதலாளி, தோட்டம் காடாட்டம் கீது” என்றான். சந்தோஷமாகப் போய்ப் பார்த்தேன். காடேதான். வெண்டைக்காய் முற்றி விறகாக நின்றது. கத்தரிக்காய் மஞ்சள் பழுத்து உதிர்ந்திருந்தது. மண் மட்டும் ஈரமாக இருந்தது. பொம்பளைகள் காலையில் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு, செருப்பில்லாமல் வந்து தண்ணீர் ஊற்றிவிட்டுக் கும்பிட்டுவிட்டுப் போகிறார்களாம். முட்டை சாப்பிட்ட நாளில் வருவதில்லையாம். வீட்டுக்குத் தூரமானவர்கள் அந்தப் பக்கம் திரும்புவதே இல்லையாம்.

மூன்றாவது மாடிக்கு ஏறினேன். பவானி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சோறு, ரசம், ஊறுகாய்ப் பாக்கெட். ஆறு மாத வயிறு. முகம் சுண்ணாம்பு அடித்தது போல வெளுத்திருந்தது.

“கீரை எங்கம்மா?” என்றேன்.

“அது சாமியுதாச்சே தாத்தா” என்றாள். நான் ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்டதுபோல் பார்த்தாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “இன்னா கிஷ்டம்மா கூத்து இது? உம் பொண்ணுக்குன்னு போட்ட கீரைதான?”

“நீதான நைனா சொன்ன... கை வெக்கக் கூடாதுன்னு.”

“நான் திருடனுக்குச் சொன்னேன்!”

“திருடறவ யாரு, துன்றவ யாருன்னு வேலு பிரிச்சுப் பாக்குமா?” என்றாள். “நட்ட மறுநாளே கீழ்வூட்டுக்காரி ரெண்டு கத்திரிக்கா ஒடிச்சா. சாயங்காலமே படியில வுயுந்து கை ஒடிஞ்சுது. உனுக்குத் தெரியாதா?”

அந்தப் படியில் பல்பு ஃப்யூஸ் போய் ஆறு மாதம் ஆகிறது. அதை நான் சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை. நானே வாங்கவில்லை என்பதும் உண்மை.

திருத்தணியில் பிறந்தவனுக்கு இதைச் சொல்லித் தர வேண்டுமா? முருகனுக்கு என்று ஒன்றைச் சொல்லிவிட்டால் சொன்னதுதான். வேண்டிக்கொண்ட சேவலைப் பசித்தாலும் அடிக்க மாட்டோம். வேண்டிக்கொண்ட முடியை ஈர் பேன் பிடித்தாலும் வெட்ட மாட்டோம். எல்லாம் தெரிந்த நான்தான் ஒரு வயிற்றுப்பிள்ளைக்காரியின் கீரைக்கு நடுவில் கொண்டுபோய் வேல் நட்டேன்.

பூசாரியிடம் ஓடினேன். “எடுத்துடலாமா?” என்றேன்.

“தாராளமா எடுக்கலாம். சாமி ஒண்ணும் சொல்லாது” என்றார்.

“அப்போ வாங்க, எடுங்க.”

“நான் தொட மாட்டேன்” என்றார்.

சரி, நான் நட்டது, நானே எடுத்தால் போகிறது என்று ஒருநாள் தனியாகப் போனேன். வேலில் கை வைத்தேன். வெயிலில் சுட்டது. அப்போது பார்த்து... பெரிய மகனுக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து ஒரு வருடம்தான் ஆகிறது என்று ஞாபகம் வருகிறது. நாலு லாரியும் ரோட்டில் ஓடிக்கொண்டிருக்கின்றன என்று ஞாபகம் வருகிறது. கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திரும்பிவிட்டேன். பார்த்தவர்கள் நான் கும்பிட வந்ததாக நினைத்தார்கள். நானும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் மூளை சும்மா இருக்குமா? ஒரு யோசனை வந்தது. பிரசாதம்! சாமி சொத்தைச் சாமியே கொடுத்தால் வாங்கித்தானே ஆக வேண்டும்? பூசாரியை மறுபடி வரவழைத்து, இளசாக இருந்த கீரையை அவர் கையாலேயே கிள்ளி, கட்டுக் கட்டி, வேலுக்குப் படைத்து, வீட்டுக்கு ஒரு கட்டுப் பிரசாதம் என்று கொடுக்க வைத்தேன். எல்லோரும் முந்தானையில் பயபக்தியாக வாங்கிக்கொண்டார்கள். என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன். வேறு யாருக்கு வரும் இந்த யோசனை?

மறுநாள் கிஷ்டம்மாவிடம் கேட்டேன். “கடைஞ்சியா? பவானி துன்னாளா?”

“துன்னா. ஒரு எல.”

“ஒரு எலையா? ஒரு கட்டு குடுத்தேனே!”

“பிரசாதத்த யாராச்சும் சட்டியில போட்டு வதக்குவாங்களா நைனா? பூண்டு போடுவாங்களா? கண்ணுல ஒத்திகினு ஆளுக்கு ஒரு எல வாயில போட்டுகினோம். மிச்சத்த சாமி படத்துல சொருவி கீறேன்.”

சட்டிக்குப் போகாத கீரையால் ரத்தம் ஊறுமா? நீங்களே சொல்லுங்கள்.

அதற்குப் பிறகு செய்ததைத்தான் முதலிலேயே செய்திருக்க வேண்டும். தினம் காலையில் டவுனில் கீரை வாங்கி, முனுசாமியிடம் கொடுத்து, டேங்கரில் அனுப்பினேன். பத்து நாள் ஒழுங்காகப் போனது. பிறகு ஆடிக் கிருத்திகை வந்துவிட்டது. ஊரே காவடி. லாட்ஜ் வராந்தாவில்கூடப் படுக்க இடமில்லை. நாலு லாரியும் ராப்பகலாக ஓடின. பாறைமேட்டுப் பக்கம் டேங்கர் போகவில்லை. கீரையும் போகவில்லை. கிஷ்டம்மா அந்த வாரம் முழுக்க என் லாட்ஜில்தான் பெருக்கிக்கொண்டிருந்தாள். என் எதிரிலேயே. கேட்கவில்லை. நானும்... மறந்துவிட்டேன். ஆமாம், மறந்துதான் விட்டேன். வேறு வார்த்தை போட்டு எழுதலாம். அது இன்னொரு பொய்யாகிவிடும்.

ஆடி முடிவில் பவானியின் ரத்தம் மறுபடி எட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. ஆவணி பிறந்த இரண்டாவது வாரம், எட்டாம் மாதத்திலேயே வலி எடுத்தது. பயந்தபடியே இங்கே வைத்துக்கொள்ளவில்லை. ஆம்புலன்ஸ், பெரிய ஆஸ்பத்திரி. ஆண் குழந்தை. இரண்டு உள்ளங்கையில் அடங்குகிற அளவு என்று கிஷ்டம்மா கையைக் குவித்துக் காட்டினாள். கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். ஐந்து நாள்.

அவ்வளவுதான்.

பவானி பிழைத்துக்கொண்டாள்.

நர்ஸம்மாவைத் தேடிப் போய்க் கேட்டேன். “கீரை இல்லாததாலதானா?” அவர் நல்ல மனுஷி. “அப்படி ஒண்ணை மட்டும் சொல்ல முடியாதுங்க. எத்தனையோ காரணம் இருக்கும். ரத்தமும் ஒரு காரணம்” என்றார். நான் கேட்கப் போனது அந்தக் கடைசி வாக்கியம் இல்லாத பதில். அது கிடைக்கவில்லை.

இப்போது புரிகிறதா... அந்த வெள்ளிக்கிழமை, குழந்தை போய் ஒரு வாரம்கூட ஆகாத நிலையில், அதே தோட்டத்தில் வேலுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு, ‘எல்லாக் குடும்பமும் சாப்பிடுது’ என்று சொன்னவன் நான். மூன்றாவது மாடி நடையில் யாரோ நிற்பது தெரிந்தது. நான் தலையை நிமிர்த்தவில்லை.

இனிதான் அந்த வெள்ளிக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை.

அன்றைக்கு முனுசாமியோடு நானே டேங்கரில் ஏறிப் போயிருந்தேன். ஏன் போனேன் என்று கேட்காதீர்கள். குழாயடியில் பத்துப் பொம்பளைகள் குடத்தோடு. மத்தியான வெயில். கிஷ்டம்மா மாடியிலிருந்து இறங்கி வந்தாள். நேராகத் தோட்டத்துக்குள் நடந்தாள். காலில் செருப்பு.

“ஏ கிஷ்டம்மா! செருப்புடீ!” என்று யாரோ கத்தினார்கள்.

அவள் நிற்கவில்லை. வேலைச் சுற்றி நான் அடுக்கிய செங்கல்லை ஒவ்வொன்றாகக் காலால் தள்ளினாள். வேலை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினாள்.

கை ஒடிந்த கீழ்வீட்டுக்காரி, கட்டுப் பிரித்த கையோடு ஓடி வந்தாள். “வோணாம்டி! உனுக்கு இன்னா பைத்தியமா? சாமி சும்மா வுடுமா?”

“வுடாம இன்னா பண்ணும்?” என்றாள் கிஷ்டம்மா. குரலே உயரவில்லை. “எங்கிட்ட இன்னும் இன்னா கீது, எடுத்துகினு போறதுக்கு?”

கை ஒடிந்தவள் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு விலகி நின்றாள்.

வேல் மண்ணோடு வந்தது. தூக்கி எறிவாள் என்று நினைத்தேன். இல்லை. நுனியில் ஒட்டியிருந்த மண்ணை முந்தானையால் துடைத்தாள். மஞ்சள் துணியைச் சரிப்படுத்தினாள். என்னிடம் கொண்டு வந்து நீட்டினாள்.

“இந்தா நைனா. மலையில கொண்டும் போயி வெச்சுடு. அவுருக்கு அங்க எடம் கீது. எங்குளுக்கு இத்த வுட்டா வேற எங்க கீது?”

திட்டவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

முளைக்கீரை எல்லாம் முற்றிப் போயிருந்தது. புளிச்சக்கீரையில் மட்டும் கொழுந்து இருந்தது. மடி நிறையக் கிள்ளினாள். நான் அடுக்கியிருந்த செங்கல்லில் மூன்றை எடுத்து அங்கேயே அடுப்பு மூட்டினாள். கை ஒடிந்தவளிடம் சட்டி கேட்டாள். அவள் தயங்கித் தயங்கித்தான் கொடுத்தாள். மிளகாய், பூண்டு, நிறையப் பூண்டு... கீரை வதங்கி அடங்கியது. மத்தால் கடைந்தாள்.

யாரும் கிட்ட வரவில்லை.

“பறிச்ச பாவம் எம்மேல. வதக்குன பாவம் எம்மேல. துன்ற வாய்க்கு இன்னாடி பாவம்?” என்றாள். அப்புறம் ஒரு பெண்ணைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். “லதா, நீ வா.”

எதிர் பிளாக்குப் பெண். அவளுக்கு இது ஐந்தாம் மாதம். மாமியார் முகத்தைப் பார்த்தாள். மாமியார் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். லதா தட்டோடு வந்தாள். கிஷ்டம்மா சோற்றைப் போட்டு, இரண்டு கரண்டி கீரையை ஊற்றி, தன் கையாலேயே பிசைந்து கொடுத்தாள். அந்தப் பெண் கடைசி வாய் முழுங்குகிற வரைக்கும் எதிரில் நின்றாள். நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அதற்குப் பிறகு இன்னொருத்தி வந்தாள். பிறகு ஒரு சின்னக் கூட்டம். சாவுக்குச் சோறு சாப்பிடுகிற மாதிரி சாப்பிட்டார்கள். மாடி நடையில் பவானி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். இறங்கி வரவில்லை. அவளுக்கென்று ஒரு தட்டைக் கிஷ்டம்மா மூடி வைத்திருந்தாள்.

ஊருக்கு நல்லது செய்கிறேன் என்று கிளம்புகிற என்னைப் போன்ற ஆட்களுக்கு ஒன்று சொல்கிறேன். எதைக் கேட்டார்களோ அதைக் கொடுங்கள். அதற்கு மேல் ஒரு ஜாண் கொடுப்பதாக இருந்தால், அந்த ஒரு ஜாண் யாருக்காக என்று வீட்டில் உட்கார்ந்து யோசித்துவிட்டுப் போங்கள். எனக்காகத்தான் கொடுத்தேன் நான். உபயம் என்று போட்டுக்கொள்ள.

கடைசியில் என்னிடமும் ஒரு தட்டு வந்தது. ஒரு கையில் வேல், ஒரு கையில் தட்டு. எப்படிச் சாப்பிடுவது? வேலை முனுசாமியிடம் நீட்டினேன். அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, “நா மாட்டேன் மொதலாளி” என்றான். டேங்கரில் சாய்த்து வைத்துவிட்டு, அந்த வெயிலில் நின்றபடியே சாப்பிட்டேன்.

கீரையில் உப்பு கம்மி. நான் சொல்லவில்லை.